நூற்றுக்குத் தொண்ணூறு

அசைன்மென்ட் ஏற்றுவது சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேள்வியைத் தட்டிவிட்டால் முடிந்தது என்று. அப்படி இல்லை. பெயர் வைக்க வேண்டும். எந்தத் தேதியில் திறக்கும், எந்தத் தேதியில் மூடும், எத்தனை சொல்லுக்குள் எழுத வேண்டும், எத்தனை தடவை முயலலாம், எவ்வளவு எடுத்தால் தேர்ச்சி, யார் யாருக்குத் தகவல் போக வேண்டும், இப்படிப் பதினோரு இடத்தில் நின்று முடிவெடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் பின்னால் வந்து இடிக்கும். நான் எதையும் விட்டவன் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

விசாரிக்க வந்த நீங்கள் ஒரே ஒரு தாளை எடுத்து வைத்து, ஒரு பக்கத்துக்குள் சுருக்கமாகச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்றேன். உடனே என் கையைப் பார்த்தீர்கள். எல்லோரும் பார்ப்பதுதான். வலது கையில் மூன்று விரல் முழுதாக மடங்காது. இருபத்தாறு வருடம் எலும்பு பிரிக்கும் கத்தியைப் பிடித்த கை. பேனாவைப் பிடிக்கும், மெதுவாகப் பிடிக்கும். அவசரமில்லை என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி.

என் பெயர் நெவில் ட்ரெலோர். வயது ஐம்பத்தெட்டு. ஊருக்கு வெளியே ரயில் பாதை ஓரமாக இருக்கிற இறைச்சி ஆலையில் பயிற்சிப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. அந்த அறை நான்தான். ஓபெத் எப்படிச் செத்தான், அவனுடைய மாமன் தாபி அந்தச் சிவப்புக் கயிறு பற்றி முன்பே எழுதிக் கொடுத்தானா இல்லையா, இந்த இரண்டைத்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். வழியில் இருப்பதையும் சொன்னால்தான் புரியும்.

நாற்பத்தொன்பது வயது வரை எனக்கு எழுத்துத் தெரியாது. அதை மறைப்பதில் நான் கெட்டிக்காரன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். கை ரத்தமாக இருக்கிறது, நீயே படிச்சுச் சொல்லு என்பேன். ஆலையில் எல்லோர் கையும் ரத்தமாகத்தான் இருக்கும், ஒருவரும் சந்தேகப்படவில்லை. பிறகு மணிக்கட்டில் நரம்பு போய் அறுவை சிகிச்சை ஆனது. நான்கு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஊர் நூலகத்தில் வில்மா என்கிற பெண்மணி செவ்வாய்க்கிழமைதோறும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு வருடம் பிடித்தது. ஒரு பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் கூட்டிப் படித்து முடித்த அன்று வில்மா எனக்கு ஒரு பென்சில் கொடுத்தார். அதை இன்னும் சீவவில்லை.

கத்தி பிடிக்க முடியாதவனை ஆலை என்ன செய்யும். வீட்டுக்கு அனுப்பும். என்னை அனுப்பவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. கம்ப்யூட்டரில் ஒரு பாடத் தளம் வாங்கிப் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குளிரூட்டிய அறை, காய்ந்த தரை. இருபத்தாறு வருடம் கழித்து முதல்முறையாக என் காலுறை ஈரமில்லாமல் வீட்டுக்குப் போனேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தத் தரையில் நிற்காதவர்களுக்குத் தெரியாது.

ரோவன் பிட்மன் உற்பத்தி மேலாளர். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். என்னைப் புரொஃபசர் என்று கூப்பிடுவார். தளத்தை என்னிடம் ஒப்படைத்த அன்று கதவில் சாய்ந்துகொண்டே பேசினார்.

"புரொஃபசர், ரெண்டே ரெண்டு விஷயம். எல்லாரும் பாஸ் ஆகணும். என் மெயில்ல எதுவும் வந்து குவியக் கூடாது."

"யாராவது ஃபெயில் ஆனா?"

"ஃபெயில் ஆகாத மாதிரி கேள்வி கேளுய்யா. இதுக்கு எதுக்கு உனக்கு ஒரு நாற்காலி?"

பதினோராவது டிக் அதுதான். பதில் வந்தவுடன் மேற்பார்வையாளருக்குத் தகவல் அனுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும், தளமே அதை டிக் செய்துதான் வைத்திருக்கும். அந்த டிக்கை எடுத்தது நான். எடுக்கச் சொன்னது அவர். இதில் யார் பேரை எழுதுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வியையும் சொல்கிறேன், உங்களிடம் நகல் இருக்கும். உங்கள் வேலையிடத்தில் நீங்கள் கண்ட ஓர் ஆபத்தைக் குறிப்பிட்டு, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று நூற்றைம்பது சொல்லுக்குள் எழுதுக. மொத்தம் நூறு மதிப்பெண். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஒரு முயற்சி. இரண்டு வாரக் கெடு.

இதற்கு எங்கள் ஆலையில் ஒரே பதில்தான். தரை ஈரமாக இருக்கிறது, வழுக்கும், துடைக்க வேண்டும். முதல் வருடம் யாரோ எழுதினார்கள், அதற்குப் பிறகு எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். பத்து மணி ஸ்மோக்கோ இடைவேளையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு ஃபோனிலேயே தட்டி அனுப்பிவிடுவார்கள்.

"நெவிலு, இந்த வருஷமும் தரை ஈரம்தானா?" என்பான் டாரல். தோலுரிக்கும் இடத்தில் நிற்பவன்.

"ஈரம்தான்."

"ஏழு வருஷமாச்சு, இன்னும் காயலயேப்பா. யாராவது ஒரு துண்டு குடுங்களேன்டா."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எண்பது போடுவேன். அந்த அசைன்மென்ட் எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆடிட்டர் வந்தால் காட்டுவதற்கு. அதை உண்மையான கேள்வி என்று நினைத்துக்கொள்கிற ஆள் எங்கள் ஊரில் கிடையாது.

தாபி எங்கள் ஊர் இல்லை. எலியட் தாபி. பசிபிக் கடலில் வனுவாட்டு நாட்டில் பெந்தெகொஸ்து தீவு. அங்கிருந்து வேலை விசாவில் வந்த ஒன்பது பேருக்கு அவன்தான் தலை. வயது நாற்பத்தொன்று. எல்லோரும் பழைய மோட்டல் கட்டடத்தில் ஒன்றாக இருந்தார்கள். ஓபெத் அவனுடைய அக்கா மகன். இருபத்தொன்பது வயது, ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். ஒன்பது பேரையும் எலும்புத் திருகுக்குப் போட்டிருந்தார்கள். தரையில் நீளமான பள்ளம், அதற்குள் ஆள் தடிமனுக்கு ஓர் இரும்புத் திருகு சுழன்றுகொண்டே இருக்கும். பிரித்த எலும்பைக் கொழுப்பு உருக்கும் கூடத்துக்குத் தள்ளும். பள்ளத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் கயிறு ஓடும். எந்தக் கயிற்றை இழுத்தாலும் திருகு நிற்க வேண்டும்.

அசைன்மென்ட் திறந்த அன்று தாபி என் அறைக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தான். அப்படிச் செய்கிற ஆள் அவன் ஒருவன்தான்.

"பெரியவரே, ஒரு சந்தேகம். இதுல உண்மையா இருக்கறத எழுதலாமா?"

"கேள்வில என்ன கேட்டிருக்கோ அத எழுது."

"எழுதினா உங்ககிட்ட வரும்ல?"

"என்கிட்டதான் வரும்."

"அப்ப சரி." கதவு வரை போனவன் திரும்பினான். "எங்க ஊர்ல ஒரு பழக்கம். கேக்குறதுக்குன்னு ஒருத்தர உக்கார வெச்சிருந்தா, அவர்கிட்ட ஒரு தடவ சொன்னாப் போதும். அதையே போயி இன்னொருத்தர்கிட்டயும் சொன்னா மொத ஆள நம்பலன்னு அர்த்தம். மூஞ்சில அடிச்ச மாதிரி."

நல்ல பழக்கம் என்றேன். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான்.

கெடு முடிகிற புதன்கிழமை அவனுடைய பதில் வந்தது. வியாழக்கிழமை நான் மதிப்பெண் போட்டேன். நாற்பத்தொரு பேருடைய பதில் வந்திருந்தது. தளத்தில் ஒரு வசதி உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெயர்ப் பட்டியலில் எல்லோரையும் ஒரே டிக்கில் பிடித்து, ஒரே எண்ணைத் தட்டி, ஒரே பாராட்டு வரியைப் போட்டு அனுப்பிவிடலாம். ஒரு பதிலைக்கூடத் திறக்க வேண்டாம். பெரிய கல்லூரிகளிலேயே அப்படிச் செய்கிறார்கள் என்று தளத்தை விற்க வந்த பையனே சொன்னான். என்னைப் போல எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு நாற்பத்தொரு பதில் என்பது ஒரு வாரத்து வேலை. எனக்காகப் பேச உங்களோடு வந்த வக்கீல் இதைக் கேட்டதும் தலையாட்டினார். எனக்கு இரக்கம் காட்டினார் என்று நினைக்கிறேன். படிக்கவில்லை, தெரியாமல் நடந்துவிட்டது, அசட்டை என்று எழுதினால் போதும், அதற்கு ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது, இலேசாகப் போகும் என்றார்.

அவர் சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன். மேலே எழுதுகிறேன்.

தாபி நூற்றைம்பது சொல்லில் நிறுத்தவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு சொல். கெடுபிடியாக இருந்தால் கூடுதல் எழுத்தைத் தளமே வெட்டிவிடும், ஆனால் எச்சரித்துவிட்டு வாங்கிக்கொள்ளும்படி நான் அமைத்திருந்தேன். தொண்ணூறு போட்டேன். பத்தைக் கழித்தது எல்லை மீறியதற்கு. விதி என்றால் எல்லோருக்கும் விதி. கீழே இருந்த பெட்டியில் நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், மிக்க நன்று என்று போட்டேன். அந்த வரி தளத்திலேயே இருக்கிற ஆயத்த வரி. நான் சொந்தமாக எழுதியது இல்லை.

சொந்தமாக எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஓர் அறிவிப்பு எழுதினேன். பூட்ஸைக் கழுவிவிட்டுச் சாப்பாட்டு அறைக்கு வரவும் என்பதுதான் விஷயம், ஆறு வரி. ஒரு முழு நாள் உட்கார்ந்து எழுதி, ரோவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை ஸ்மோக்கோ அறைக்கு எடுத்துப்போய், அறுபது பேர் உட்கார்ந்திருக்க, மேசைமேல் ஏறி நின்று வாசித்தார். நான் எழுதியபடியே, எழுத்துப் பிழையோடு வாசித்தார். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று வாசித்தார்.

"நம்ம புரொஃபசரோட காவியம், கை தட்டுங்கடா" என்றார்.

தட்டினார்கள். டாரல் விசில் அடித்தான். நான் தேநீரைக் குடித்து முடித்தேன், கோப்பையைக் கழுவி வைத்தேன், என் அறைக்குப் போனேன். இனி இந்த ஆளின் கையில் நான் எழுதிய ஒரு தாளையும் கொடுப்பதில்லை என்று அன்று தீர்மானம் செய்தேன். ஏழு வருடமாக அதைக் காப்பாற்றினேன். மனிதன் தனக்குத்தானே கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது லேசான காரியம் இல்லை.

ஆபத்து ஏதாவது இருக்கிறது என்று மேலிடத்துக்குச் சொல்வதற்கு ஒரு படிவம் உண்டு. நான்கு பக்கம். பார்த்தவர் தன் சொந்த வார்த்தையில் விவரிக்கவும் என்று அதில் ஒரு பெரிய வெற்றுக் கட்டம். நிரப்பி ரோவன் கையில் கொடுக்க வேண்டும். வேறு வழி ஆலையில் கிடையாது. வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். வாயால் சொன்னால், எழுதிக் கொடு புரொஃபசர் என்பார். எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுவும் அதற்கு அடுத்தது ஏற்றுமதி ஆடிட்டர்கள் வருகிற வாரம். அந்த வாரம் எவனாவது இறைச்சி தொங்கி ஓடுகிற செயினை நிறுத்தினால் அவன் விரலை நானே எண்ணிப் பார்ப்பேன் என்று ரோவன் திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லியிருந்தார். என் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்மோக்கோவில் தாபி என் மேசைக்கு வந்தான். கூட ஓபெத். அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு தட்டு கொண்டுவந்தார்கள். வாழைக்காயைத் துருவித் தேங்காய்ப் பால் ஊற்றி இலையில் சுட்ட லாப்லாப். அவர்கள் வீட்டில் விசேஷ நாளில்தான் செய்வார்கள்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"மாமா தொண்ணூறு வாங்கிட்டார்ல" என்றான் ஓபெத். "படம் புடிச்சி அம்மாவுக்கு அனுப்பிட்டாரு. ஊரே பாத்தாச்சி. பாஸ்டர் ஞாயித்துக்கிழம சபையில வாசிக்கப் போறாராம்."

"சும்மா இர்றா." தாபிக்கு வெட்கம். "பெரியவரே, நீங்க படிச்சீங்கல்ல?"

"தொண்ணூறு போட்டிருக்கேன்ல."

"அந்தப் பத்து எதுக்குப் போச்சி?"

"நீளம். நூத்தம்பதுல முடிக்கச் சொன்னா நீ கத எழுதி வெச்சிருக்க."

ஓபெத் வாய்விட்டுச் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன் மாமா. நீ ஜெபம் பண்ண ஆரம்பிச்சாலே சோறு ஆறிப்போவும்."

தாபியும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்த விஷயம் போக வேண்டிய எடத்துக்குப் போயிரும்ல?" என்றான்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் செய்ய வேண்டியத செஞ்சுட்டேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் வேலை மதிப்பெண் போடுவது. போட்டிருந்தேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. ஓபெத் பக்கம் திரும்பி, "கேட்டியாடா? ஆடிட்டர் வர்றதுக்குள்ள எப்படியும் சரி பண்ணிருவாங்க. செவ்வாக்கிழமலேர்ந்து கெழக்குப் பக்கம் எறங்கலாம். இனி அந்த நீளக் கம்பிய வெச்சிக்கிட்டு அவதிப்பட வேணாம்" என்றான்.

அதுவரை தாபி தன் ஆட்கள் ஒருவரையும் கிழக்குப் பக்கம் இறங்கவிடவில்லை. எலும்பு அடைத்துக்கொள்வது கிழக்குப் பக்கத்தில்தான். மேற்கிலிருந்து நீளமான இரும்புக் கம்பியை நீட்டிக் குத்திக் குத்தி எடுப்பார்கள். மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், முதுகு போய்விடும். செவ்வாயிலிருந்து இறங்கலாம் என்று அவன் சொன்னபோது நான் லாப்லாப்பை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. தேங்காய்ப் பால் இன்னும் சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு ஆலை நின்றது. இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தவனுக்கு அது நின்றால் காது வலிக்கும். நான் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓபெத் கிழக்குப் பக்கம் இறங்கி அடைப்பை எடுக்கும்போது மேல்சட்டையின் கை மாட்டியிருக்கிறது. கயிற்றை இழுத்திருக்கிறான், திருகு நிற்கவில்லை. பிடி தளரவே இல்லை, மருத்துவர்கள் வந்துதான் கையிலிருந்து கயிற்றை எடுத்தார்கள் என்று பிறகு டாரல் சொன்னான். சொல்லிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். மேற்குப் பக்கக் கயிற்றை ஓடிப்போய் இழுத்தது தாபி. பதினாறு மீட்டர் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு ரோவன் என் அறைக்கு வந்தார். இந்தத் தடவை கதவில் சாயவில்லை. உட்கார்ந்தார்.

"நெவில், அந்தக் கயிறு பத்தி எவனாவது எழுத்துல ஏதாவது குடுத்திருக்கானா?"

ஏழு வருடத்தில் அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இல்ல" என்றேன்.

"நிச்சயமா?"

"எல்லாரும் ஈரத் தரைதான்."

அவர் மூச்சு விட்டார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தாபியின் பதிலைத் திறந்து நீக்கு என்பதை அழுத்தினேன். உறுதியாகவா என்று தளம் கேட்டது. ஆம் என்றேன். மதிப்பெண்ணும் கூடவே போய்விட்டது. அவன் பெயருக்கு எதிரே சமர்ப்பிக்கப்படவில்லை என்று சிவப்பில் வந்து நின்றது. கெடு முடிந்திருந்ததால் இனி அவன் மறுபடி ஏற்றவும் முடியாது.

அதனால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் நான் முழுதாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பாடத்தை முடிக்காதவன் ஆட்களை மேய்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதித்தாளை அடித்ததே நான்தான். பயிற்சி முடிக்காத தலைவன், எச்சரிக்கை எதையும் எழுதிக் கொடுக்காதவன், தன் ஆளைத் தானே ஆபத்தான பக்கம் இறக்கிவிட்டான் என்று ஆலை முடிவு செய்தது. வேலை போனது, வேலையோடு விசாவும் போனது. சவப்பெட்டி போகிற விமானத்திலேயே அவனுக்கும் சீட்டுப் போட்டார்கள். அக்காவின் முன்னால் போய் நிற்க வேண்டும், அவள் மகனைக் கொன்றவன் என்கிற காகிதத்தோடு.

போவதற்கு முன் என் அறைக்கு வந்தான். அப்போதும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் வந்தான்.

"என் பேப்பர் எங்க பெரியவரே?"

திரையை அவன் பக்கம் திருப்பினேன். சிவப்பு எழுத்தைப் படித்தான். அவன் படிப்பது எப்போதும் வேகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வயதிலேயே கற்றவன். ஒரே பார்வை, முடிந்துவிடும். அந்த வேகத்தை அப்போதும் கவனித்தேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"வேற யார்கிட்டயும் சொல்லல நான்" என்றான். "ரோவன் சார் ரெண்டு தடவ எதிர்ல வந்தாரு. வாய் வரைக்கும் வந்துச்சி. உங்களுக்கு மரியாத இல்லாமப் போயிருமேன்னு முழுங்கிட்டேன்."

"கம்ப்யூட்டர்ல தப்பு நடக்கும் தாபி" என்றேன்.

அவன் வெளியே போனான். குனிந்து, பூட்ஸ் கயிற்றை நிதானமாகக் கட்டினான். கட்டி முடிக்க நேரமானது. நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

ஆனால் அவன் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பியிருந்தான். அந்தப் படத்தைத்தான் நீங்கள் என் முன்னால் வைத்தீர்கள். தொண்ணூறும் தெரிகிறது, மிக்க நன்று என்பதும் தெரிகிறது, அவன் எழுதியதன் முதல் இரண்டு வரியும் தெரிகிறது. ஓபெத் சொன்னான், நான் மறந்துவிட்டேன். படத்தை வைத்துத் தளத்தை நடத்துகிறவர்களிடம் கேட்டீர்கள், அவர்கள் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். யார் எதை எப்போது திறந்தார், எப்போது மூடினார், எப்போது நீக்கினார் எல்லாவற்றையும் அது குறித்து வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் அந்தப் பக்கத்தை நான் திறந்து பார்த்ததில்லை.

பதிவேட்டில் ஒரு வரியின் கீழ் நீங்கள் கோடு போட்டிருந்தீர்கள். வியாழக்கிழமை, தாபியின் பதில், திறந்தது காலை 10.40, மூடியது 11.32. ஐம்பத்திரண்டு நிமிடம். மற்ற நாற்பது பேருக்கும் அப்படி ஒரு வரியே இல்லை. இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டீர்கள். வக்கீல் உடனே, திறந்து வைத்துவிட்டு ஸ்மோக்கோவுக்குப் போயிருப்பார், சாதாரணமாக நடப்பதுதான் என்றார். எனக்காக அவரே ஒரு கதவைத் திறந்து வைத்தார். நல்ல மனிதர்.

ஸ்மோக்கோ பத்து மணிக்கு. பத்து இருபதுக்கு முடிந்துவிடும்.

நான் நாற்காலியை விட்டு நகரவில்லை. பட்டியலில் சொற்களின் எண்ணிக்கை தெரியும். எல்லோருக்கும் முப்பது, நாற்பது. ஒருவனுக்கு மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவு நீளமான ஒன்றை எனக்கென்று யாரும் எழுதியதில்லை. கதவைச் சாத்தினேன். திரையில் விரலை வைத்துக்கொண்டு முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தேன். கிழக்குப் பக்கக் கயிற்றை இழுத்தால் திருகு நிற்பதில்லை. நான்கு நாள் நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன். மேற்குக் கயிற்றில் நிற்கிறது. அடைப்பு வருவது கிழக்கில். அங்கே இறங்குகிறவன் கயிற்றை நம்பித்தான் இறங்குவான். இதைச் சரிசெய்யும்வரை என் ஆட்களை நான் இறக்கமாட்டேன். உங்களிடம் சொல்லிவிட்டேன், இனி எனக்குப் பயமில்லை. இப்படியே இரண்டு பக்கம். எந்த மின்கம்பி எங்கே அறுந்திருக்கலாம் என்றுகூட எழுதியிருந்தான். இரண்டு வார்த்தை எனக்குத் தெரியவில்லை, வில்மா சொல்லிக்கொடுத்த மாதிரி பிரித்துப் பிரித்துக் கூட்டினேன், வந்துவிட்டது. யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் கேட்கவில்லை. கடைசி வார்த்தையில் விரல் நின்றபோது மணியைப் பார்த்தேன். பதினொன்று முப்பது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒன்றை அதற்கு முன் நான் தனியாகப் படித்து முடித்ததில்லை. முழுதும் புரிந்தது. ஒரு வரிகூட விடாமல் புரிந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது.

ஆகவே அசட்டை என்று போட வேண்டாம். படிக்காமல் மதிப்பெண் போட்டான் என்று என்னைப் பற்றி எங்கும் எழுதிவிடாதீர்கள். அது மட்டும் உண்மை இல்லை. படித்துத்தான் போட்டேன்.

இதையும் யாருடைய உதவியும் இல்லாமல் நானேதான் எழுதினேன். அடித்துத் திருத்தியது நான்கே இடத்தில். நீங்கள் ஒரு பக்கத்துக்குள் கேட்டீர்கள், கூடிவிட்டது. அதற்கு வேண்டுமானால் பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.